ஆறுமணிக் குருவி வரும் வளவு

ஐப்பசி மாதம் முதல் மழை மண்ணை நனைத்துப் போன சில நாட்களில் எங்கள் வளவின் பின்மூலையில் இருந்து ஒரு சத்தம் கேட்கும். அது மம்மல் பொழுது. கோழிகள் கூட்டுக்குள் போயிருக்கும். கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு நிமிரும்போது, யாரோ ஒரு சிறுவன் இரண்டு தட்டில் விசில் அடிப்பது போல "வீ...ட்டியூ" என்று ஒரு குரல் எழும். சற்று நேரத்தில் வாய்க்கால் கரைப் பக்கமிருந்து இன்னொரு குரல் பதில் சொல்லும். அதற்கப்பால் மற்றொன்று. நன்றாக இருட்டியதும் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் விடியப்புறம் திரும்பவும் கேட்கும்.

"ஆறுமணிக் குருவி வந்திட்டுது. விளக்கைக் கொளுத்து பிள்ளை" என்று அம்மா சொல்வார்.

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய ஒரு சிறு கிராமம் எங்களுடையது. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்கவில்லை. சுவர் மணிக்கூடு நின்றுபோய்க் கிடந்தது. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்குத்தான் வெளிச்சம். மண்ணெண்ணெயை நேரம் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். அந்த நாட்களில் விளக்கு வைக்கும் நேரத்தை எங்களுக்குச் சொன்னது இந்தக் குருவி. சித்திரை மாதம் கழிந்தால் எங்கள் மணிக்கூடு பறந்து போய்விடும். பிறகு ஐப்பசி மட்டும் அம்மா வானத்தைப் பார்த்துத்தான் நேரம் சொல்வார்.

ஒன்பது நிறமுள்ள குருவி

சத்தத்தைக் கேட்டவர்கள் பலர். குருவியைக் கண்டவர்கள் குறைவு. மரத்தின் உச்சியில் இருந்து தன்னைக் காட்டும் பறவை அல்ல இது. பற்றைக்குள், நிழலுக்குள், காய்ந்த சருகின் மேலே துள்ளித் துள்ளித் திரியும். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். நிறை 50, 60 கிராம். வால் இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குக் கட்டை. கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம்.

நிறங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதுகு பச்சை. நெஞ்சும் வயிறும் வெளிறிய சந்தன நிறம். தலையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. கண்ணுக்கு மை தீட்டியது போல இருபுறமும் தடித்த கறுப்புப் பட்டை. தொண்டை வெள்ளை. செட்டையில் மினுங்கும் நீலத் திட்டு. வாலடியில் குங்குமச் சிவப்பு. பறக்கும்போது செட்டையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். இந்தி பேசுவோர் இதனை 'நவரங்' என்கின்றனர். ஒன்பது நிறம் என்று பொருள். உலகத்துப் பறவை நூல்களில் இந்தக் குடும்பத்துக்கு வழங்கும் 'பிட்டா' என்ற பெயர் தெலுங்கிலிருந்து போனது. தெலுங்கில் அதற்குச் சிறு பறவை என்றுதான் அர்த்தம். தமிழ்நாட்டில் ஆறுமணிக் குருவி என்ற பெயரோடு தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்ற பெயர்களும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேற்றுமை இல்லை.

சிங்களச் சகோதரிகள் இதனை 'அவிச்சியா' என்று அழைக்கின்றனர். அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. முன்னொரு காலத்தில் இந்தக் குருவியிடம் மிக அழகான உடை இருந்ததாம். மயில் அதை இரவல் வாங்கிப் போனதாம். திருப்பித் தரவே இல்லையாம். அதனால்தான் காலையும் மாலையும் தன் உடையைக் கேட்டு இந்தக் குருவி அழுகிறதாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்டுக் கந்தோர் கந்தோராக நடந்த நமக்கு இந்தக் கதை விளங்காமல் இருக்குமா?

தம்பி கண்டெடுத்தது

நான் இந்தக் குருவியை முதன்முதலில் கையில் வைத்துப் பார்த்தது 1996 ஆம் ஆண்டு ஐப்பசியில். தம்பிக்கு அப்போது 11 வயது. காலையில் பல் தீட்டப் போனவன் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். குசினிச் சுவரோடு அது விழுந்து கிடந்ததாம்.

"இஞ்ச பார் அக்கா, சாகேல்லை. நெஞ்சு அடிக்குது" என்றான்.

கண் பாதி மூடியிருந்தது. சிவப்பு வயிறு தெரிந்ததால் இரத்தம் என்று நான் பயந்துவிட்டேன். அம்மா வாங்கிப் பார்த்தார். "காயம் இல்லை. களைச்சுப் போச்சு. கன தூரம் பறந்து வந்த பிள்ளை" என்றார். பழைய அட்டைப் பெட்டியில் சருகு போட்டு, உள்ளே வைத்து, மேலே துணியால் மூடினார். "ஒருத்தரும் திறந்து பாக்கக் கூடாது" என்று கட்டளை. தம்பி பள்ளிக்கூடம் போகாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே பூனைக்குக் காவல் இருந்தான். பின்னேரம் பெட்டியைப் பின்மூலைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். குருவி ஒரு நிமிடம் நின்றது. பிறகு காரைப் பற்றைக்குள் துள்ளிப் போய் மறைந்தது. அன்று ஆறு மணிக்கு அந்த மூலையில் இருந்து சத்தம் வந்தபோது தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மா சொன்ன 'கன தூரம்' எவ்வளவு என்று எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தக் குருவி நமது மண்ணில் கூடு கட்டுவதில்லை. இமயமலையின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவின் மலைக்காடுகளிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் அது குஞ்சு பொரிக்கிறது. நிலத்திலோ தாழ்ந்த கிளையிலோ சருகாலும் சுள்ளியாலும் பந்து போலக் கூடு கட்டி, பக்கத்தில் வாசல் வைக்கும். நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். வெள்ளை முட்டையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும். குஞ்சுகள் பறக்கப் பழகி, மழை ஓய்ந்ததும் தெற்கே புறப்பட்டுவிடும்.

இமய அடிவாரத்திலிருந்து மன்னாருக்கு 2,000 கிலோமீற்றருக்கு மேல். இரவில்தான் பயணம். களைத்துப்போன குருவிகள் சென்னை போன்ற பட்டணங்களில் வீட்டுத் தோட்டங்களில் விழுவதும், வெளிச்சத்தில் மயங்கிக் கண்ணாடி யன்னல்களில் மோதுவதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் நடக்கிறது. தப்பியவை கடலைக் கடந்து நமது தீவுக்கு வந்து, மலைநாடு வரை எங்கும் பரவிச் சித்திரை வரை தங்குகின்றன. கணக்குப் பார்த்தால் வருடத்தில் பாதிக்கு மேல் நம்மோடுதான்.

கடல் முடியும் இடத்தில்

2017 ஒக்டோபரில் எங்கள் மாதர் சங்கத்தில் 18 பேர் தலைமன்னாருக்குப் போனோம். அங்கே கருவாடு பதனிடும் பெண்களைச் சந்தித்துத் தொழில் முறைகளைப் பார்ப்பது நோக்கம். முருங்கனில் புகையிரதம் ஏறினோம். 1990 இல் நின்றுபோன அந்தப் பாதை தலைமன்னார் வரை திரும்பவும் திறக்கப்பட்டது 2015 மார்ச்சில்தான். எங்களில் பலருக்கு அதுவே வாழ்க்கையில் முதல் புகையிரதப் பயணம். புளிச்சாதமும் முட்டையும் கட்டிக்கொண்டு சிறுபிள்ளைகள் போல யன்னலோரத்துக்குப் போட்டி போட்டோம்.

திருக்கேதீஸ்வரம் தாண்டியதும் நிலம் மெலிந்துகொண்டே போகிறது. இருபுறமும் ஆழமில்லாத கடல். இந்தப் பகுதியில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2008 இல் அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மாரியில் வடக்கேயிருந்து வரும் நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இங்கே இறங்குகின்றன. பிறகு தீவு. பனைகள், உடை மரங்கள், வெள்ளை மணல், வெயிலில் நிற்கும் கழுதைகள். கடைசியில் பழைய இறங்குதுறை. 1914 இல் தொடங்கி, இராமேஸ்வரம் கரைக்குக் கப்பல் ஓடிய இடம். இன்று தூண்களும் வெளிச்சவீடும் காற்றும் நிற்கின்றன. அதற்கப்பால் தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு மணல் தீடைகள்.

அந்தக் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவுடன் நான் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "இந்த மாசம் இஞ்ச குருவியள் வருமோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் வராது? விடியக் காலமை வந்து பார். வலைக் குவியலுக்குள்ள, வாடிக்குக் கீழ, எங்கையும் விழுந்து கிடக்கும். ஒண்டு பச்சையும் நீலமுமா இருக்கும். கையில எடுத்தாலும் பறக்காது. பேரப்பிள்ளையளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன், தொடாதேங்கோ எண்டு."

எனக்கு அது எந்தக் குருவி என்று உடனே விளங்கியது. அவர் கடலைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"நானும் அங்கால இருந்து வந்தனான்தான். தொண்ணூறில போனம். ராவில கொண்டுபோய்த் தீடையில இறக்கிப்போட்டு வள்ளம் திரும்பிட்டுது. விடியுமட்டும் கைக்குழந்தையோட மணலில இருந்தம். மண்டபத்தில கன வருஷம். பிறகுதான் வந்தனாங்கள். குருவி காசு குடுக்காமல் வருது பிள்ளை. நாங்கள் தாலிக்கொடியை வித்துத்தான் போனனாங்கள்."

நான் என்ன சொல்வது? அவரோடு சேர்ந்து மீனைப் புரட்டிப் போட்டேன். திரும்பி வரும்போது அவர் ஒரு சரை நெத்தலிக் கருவாடு தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாங்கள் போய்வந்த பிறகு, 2020 இல், மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழுந்தன. மின்சாரம் நமக்கும் வேண்டியதுதான். ஆனால் இந்த ஒடுங்கிய நிலம் எத்தனையோ பறவைகள் நாட்டுக்குள் வரும் வாசல் என்பதையும் கணக்கில் எடுங்கள் என்று பறவைகளை அறிந்தவர்களும் ஊர் மக்களும் சொல்லி வருகின்றனர். அது நியாயமான பேச்சு.

பின்மூலை

இனி எங்கள் வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2007 கடைசியில் கிராமத்தை விட்டு எழும்பினோம். கிழக்கே போய், பிறகும் கிழக்கே போய், 2009 இல் கடற்கரை வரை போனோம். ஒவ்வொரு இடமாக நான் இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்த இடங்களின் பெயர்கள் மனப்பாடம். 2009 ஏப்பிரலில் தம்பி எங்களை விட்டுப் பிரிந்தான். இன்று வரை அவனைப் பற்றிய பதில் இல்லை. அவனுக்கு அப்போது 24 வயது.

அந்த வருட ஐப்பசியில் அம்மாவும் நானும் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். காட்டை வெட்டித் துடைத்த செம்மண் வெளி. கூடாரத்துக்குப் பக்கத்தில் கூடாரம். நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை. ஒரு நாள் மாலை தண்ணீர் வரிசையில் நிற்கும்போது முள்ளுக்கம்பிக்கு அப்பால், அருவியாற்றங்கரை மருத மரங்களுக்குள் இருந்து அந்த இரண்டு தட்டு விசில் கேட்டது. எங்கள் கட்டுக்கரைக் குளத்துக்குத் தேக்கம் அணையில் இருந்து தண்ணீர் வருவதும் இதே ஆற்றில் இருந்துதான். அம்மா வாளியைக் கீழே வைத்தார். "ஆறு மணி" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

2010 இல் ஊருக்குத் திரும்பினோம். வீட்டின் ஒரு சுவர் மட்டும் நின்றது. வேலி இல்லை. வளவு முழுவதும் காரையும் ஈச்சையும் நாயுருவியும். பாதையோரம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. வெடி அகற்றியவர்கள் பார்த்து முடித்து, இனி இருக்கலாம் என்று சொன்ன பிறகும் பின்மூலைக்குப் போக எனக்குக் கால் எழவில்லை. தகரக் கொட்டிலில் இருந்தபடி முன்பக்கத்தை மட்டும் வெட்டித் துப்பரவாக்கினோம். அந்த ஐப்பசியில் பின்மூலைப் பற்றைக்குள் இருந்து குரல் கேட்டது. பகலில் போய்ப் பார்த்தேன். மூன்று வருடச் சருகு மெத்தை போலக் கிடந்தது. இரண்டு முறை துள்ளி, அலகால் சருகைப் புரட்டி, ஒரு மண்புழுவை இழுத்து எடுத்தது குருவி. அதற்குப் பூச்சியும் புழுவும் நத்தையும்தான் உணவு. எங்கள் அழிவுக்கு மேல் வளர்ந்த பற்றை அதற்கு நல்ல வீடாகியிருந்தது.

2018 இல் ஒரு வாழ்வாதாரத் திட்டம் வந்தது. அரை ஏக்கரில் பப்பாசி. கன்றும் நீர்க் குழாயும் தருவார்கள். காணியை மட்டும் நாங்கள் முற்றாக வெளியாக்கிக் கொடுக்க வேண்டும். அப்போது என் தலையில் நுண்கடன் இருந்தது. வாரா வாரம் வாசலில் ஆள் வந்து நிற்கும். டோசருக்குச் சொல்லிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா குருவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மற்றதெல்லாம் வெட்டு. உந்த மூலையை விடு. அவன் வந்தால் அடையாளம் பிடிக்க என்ன இருக்கு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கடன்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினேன். பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டேன். அன்று மாலை ஆறு மணிக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம். மறுநாள் திட்ட அலுவலரிடம் போய் 10 பேர்ச் விட்டுத்தான் வெட்டுவேன் என்று சொன்னேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை அலைந்தேன். கடைசியில் 40 கன்றுகள் குறைத்துத் தந்தார்கள். அந்தக் காசு எனக்குப் பெரிய காசுதான். கடன் முடிய இன்னும் ஒரு வருடம் கூடப் பிடித்தது. அதை நான் மறைக்கவில்லை.

அம்மா 2021 பங்குனியில் காலமானார். அன்று மாலையும் குருவி கூப்பிட்டது. சித்திரைக்குப் பிறகு போய்விட்டது. ஐப்பசியில் வந்தது.

சகோதரிகளே, குருவி திரும்பி வருவதைப் போலத் தம்பியும் வருவான் என்று நான் எழுத வரவில்லை. அப்படி ஆறுதல் சொன்னவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். குருவி வருவது வேறு. பிள்ளைக்குப் பதில் கேட்பது வேறு. அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கப் போகிறோம். நான் கண்டது சின்ன விடயம். வருகிற ஓர் உயிர் வந்து இறங்குவதற்கு நிழலும் சருகும் கொண்ட ஒரு மூலையை யாராவது வைத்திருக்க வேண்டும். அம்மா வைத்திருந்தார். இப்போது நான் வைத்திருக்கிறேன்.

உங்கள் வளவிலும் முடிந்தால் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். சருகை எரிக்காமல் மரத்தடியில் ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் களைத்து விழுந்த குருவியைக் கண்டால் நாயும் பூனையும் அண்டாமல் பாருங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டாக மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சில் போய்விடும். சில மணி நேரத்தில் தெளிந்ததும் பற்றை ஓரமாகத் திறந்து விடுங்கள். கூட்டில் அடைத்து வளர்ப்பது சட்டத்துக்கும் மாறானது, அதன் உயிருக்கும் கேடு.

எங்கள் வீட்டில் இப்போது மின்சாரம் இருக்கிறது. சுவரில் மணிக்கூடும் ஓடுகிறது. ஆனாலும் ஐப்பசி முதல் சித்திரை வரை அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் முற்றத்து வெளிச்சத்தைப் போடுகிறேன்.